வேலூர் வெயிலில் முகம் கறுக்காமல் படம் எடுக்க
வேலூர்க் கோட்டைக்குள் உச்சிவெயிலில் ஆளை நிறுத்தினால் கண்குழி கறுத்துப்போகும். ஒளி நேர் மேலிருந்து இறங்குகிறது. வேப்பமர நிழலும் உதவாது, இலை இடுக்கு வெயில் முகத்தில் திட்டுத்திட்டாக விழும். கூரையுள்ள மண்டபத்தில், விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே, முகம் வெளியே பார்க்க நிறுத்துங்கள்.

மாலை ஐந்துக்கு மேல் என்றால் சூரியன் அவர் முதுகுப்பக்கம் இருக்கட்டும். பின்னணி வெளிச்சத்தைப் பார்த்து கேமரா முகத்தை இருட்டாக்கிவிடும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை +1 ஏற்றுங்கள். முகத்துக்கு மூன்றடி முன்னால், மார்பளவில், வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்துப் பிடித்தால் தாடைக்கீழ் நிழல் கரையும். ஒளியைத் திருப்பியடிக்கும் வெள்ளி நிற ரிஃப்ளெக்டர் எதற்கு? நம் ஊர் வெயிலில் அது கண்ணைக் கூசவைக்கும். புல்தரை வேண்டாம், கழுத்தில் பச்சை ஏறும்.