கல்யாணப் பந்திக்கு முன்னால் ஒரு வாரம் வீட்டுப் பந்தி

நாலு வயதுப் பிள்ளையை நேராகக் கல்யாணப் பந்தியில் உட்கார வைத்துவிட்டு, "அதைத் தொடாதே, இதைக் கொட்டாதே" என்று பல்லைக் கடித்தால் ஒன்றும் நடக்காது. என் மகளை முதல் தடவை அப்படித்தான் கூட்டிப்போனேன். ரசம் இலையைத் தாண்டி என் வேட்டிக்கு வந்தது. அப்புறம்தான் வீட்டிலேயே பழக்க ஆரம்பித்தோம்.

முதலில் இலை. ஒரு வாரம் முன்பே, நாலைந்து நாள் ராத்திரிச் சாப்பாட்டை வாழை இலையில் போடுங்கள். நுனி, சாப்பிடுகிறவருக்கு இடது கைப் பக்கம். தண்ணீர் தெளித்துத் துடைக்கிற வேலையைக் குழந்தையிடமே விட்டுவிடுங்கள், தரை நனைந்தால் நனையட்டும்.

அடுத்தது பிசைவது. கெட்டித் தயிர்சாதத்தில் தொடங்கி, சாம்பாருக்குப் போய், ரசத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். ரசத்துக்குச் சோற்றின் நடுவில் கட்டைவிரலால் குழி பறித்து, ஒரே ஒரு கரண்டி ஊற்றி, கரை உடைவதற்குள் ஓரத்திலிருந்து உள்ளே தள்ளிப் பிசையச் சொல்லுங்கள். சோறு விரல் நுனியோடு நிற்கட்டும், உள்ளங்கைக்கு ஏற வேண்டாம். இடது கைப் பழக்கமுள்ள பிள்ளை என்றால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள், பக்கத்து இலைக்காரர் ஏதாவது சொன்னால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

மற்றதெல்லாம் எப்படிப் போனாலும் இந்த ஒன்றை விடாதீர்கள்: 'போதும்' சொல்லப் பழக்குவது. வாளியோடு வருகிறவர் நிற்க மாட்டார், பிள்ளை யோசிப்பதற்குள் மூன்று கரண்டி விழுந்திருக்கும். நீங்கள் தூக்குவாளியோடு "சாம்பார், சாம்பார்" என்று கூவிக்கொண்டு வாருங்கள், அது இலைக்கு மேல் கையைக் குறுக்கே நீட்டி "போதும் மாமா" என்று சொல்ல வேண்டும், பிறகு ஆளை மாற்றிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இந்த விளையாட்டு இன்னும் நிற்கவில்லை. இலையில் ஒரு பருக்கை மிஞ்சக் கூடாது என்று மிரட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை, அளவாக வாங்கத் தெரிந்தால் மிஞ்சுவது தானாகக் குறையும்.

உட்காருகிற நேரம்? பதினைந்து நிமிடம் தாங்கினாலே பெரிசு. மண்டபத்துக்குப் போகிற வழியில் சிப்ஸ் வாங்கிக் கொடுக்காதீர்கள், பசி இருந்தால்தான் உட்காரும்.

முடிந்ததும் பக்கத்தில் இருப்பவர்களும் முடிக்கும்வரை கொஞ்சம் காத்திருந்து, இலையின் மேல்பாதியைத் தன் பக்கமாக மடிக்கச் சொல்லுங்கள். கை கழுவப் போகும்போது மட்டும் அந்த வலது கையை நீங்களே கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், வழியில் நிற்கிற பட்டுப்புடவைகள் எல்லாம் சரியாக அதன் கை உயரத்தில்தான் இருக்கும்.