பிளாஸ்மா உந்தியின் உயர் மின்னழுத்தம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் புதிதாகச் சேர்ந்த இருவர் துடிப்பு பிளாஸ்மா உந்தியை (விண்கலத்தைத் தள்ளும் சிறு மின் எஞ்சின்) வெற்றிட அறையில் சோதித்தார்கள். ஒருவர் கை ஸ்விட்சுக்குப் போனதும் "நில்லுங்க!" என்று கத்திவிட்டேன். வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தவறு.

1964இல் சோவியத்தின் ஸோண்ட்-2 விண்கலம் கொண்டுபோன வகை உந்தி இது. மின்தேக்கியை ஓரிரு ஆயிரம் வோல்ட்டுக்கு ஏற்றி, ஸ்பார்க் பிளக்கால் பொறி கொடுத்தால், டெஃப்லானின் மேற்பரப்பு ஆவியாகிப் பிளாஸ்மாவாகச் சீறும்.

அழுத்தமானியை மட்டும் நம்புவது

சாதாரணக் காற்றில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி சுமார் 30,000 வோல்ட் தாங்கும். நல்ல வெற்றிடத்திலும் நன்றாகத் தாங்கும். நடுவில்தான் ஆபத்து: 1 மில்லிபார் அருகே அதே இடைவெளி 330 வோல்ட் வாக்கிலேயே முறிந்துவிடும். காற்று அடர்த்தியாக இருந்தால் எலக்ட்ரான் வேகமெடுக்குமுன் மோதிவிடுகிறது. மிக மெலிந்தால் மோதுவதற்கு மூலக்கூறே கிடைப்பதில்லை. இடைப்பட்ட அழுத்தத்தில் வேகமும் உண்டு, மோதலும் உண்டு. பாஷன் விதி சொல்வது இதைத்தான்.

நான் தவறு செய்த அன்று அறைச் சுவரிலிருந்த மானி 10⁻⁵ மில்லிபார் காட்டியது. ஆனால் துடிப்பாக்கியின் (உயர் மின்னழுத்தம் தரும் சுற்று) பெட்டி மூடியில் காற்று வெளியேற ஊசித்துளை அளவுக்குத்தான் வழி. மின்காப்புக்காக ஊற்றிய எப்பாக்ஸி பிசினுக்குள் காற்றுக் குமிழிகள் வேறு. பெட்டிக்குள் இன்னும் காற்று மிச்சமிருந்தது. 2 கிலோவோல்ட்டை எட்டுமுன்பே இடுக்கில் ஊதா ஒளி தெரிந்தது. மின்மாற்றியின் இரண்டாம் சுற்று கருகிப்போனது. திரும்பச் சுற்றி, எப்பாக்ஸி ஊற்றி, சோதிக்க ஆறு வாரம் ஆயிற்று.

"மேசையில், சாதாரணக் காற்றில், நன்றாக ஓடியதே" என்று யாராவது சொன்னால் இன்றும் எரிச்சல் வருகிறது. மேசையில் ஓடியதை வைத்து வெற்றிடத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. பெட்டியில் தாராளமாகத் துளை விடுங்கள். எப்பாக்ஸியை வெற்றிடத்தில் வைத்துக் குமிழி நீக்கிய பிறகு ஊற்றுங்கள். பம்ப் ஓர் இரவு முழுக்க ஓடட்டும். அப்புறம் நூறு நூறு வோல்ட்டாக ஏற்றி, கசிவு மின்னோட்டத்தைக் கவனியுங்கள்.

நீளக் கம்பி

மின்தேக்கியை உந்தியோடு இணைக்கும் கம்பி நீண்டால் மின்தூண்டல் (inductance) கூடும். மின்னோட்டம் முன்னும் பின்னும் ஊசலாடி மின்தேக்கியின் துருவத்தைத் திருப்பும். லட்சக்கணக்கான துடிப்புகள் தாங்க வேண்டிய மின்தேக்கி அதற்குள் செத்துவிடும். மின்தேக்கியை உந்தியின் மின்முனைகளுக்கு ஒட்டி வைத்து, அகலமான செப்புப் பட்டையால் இணையுங்கள்.

ட்ரிகர் வழி

பொறியைக் கிளப்பும் சிக்னலுக்குச் செப்புக் கம்பி வேண்டாம்; ஃபைபர் (ஒளியிழை) போடுங்கள்.

இறக்கிய மின்தேக்கியைத் தொடுவது

20 மைக்ரோஃபாரட், 2 கிலோவோல்ட் என்றால் 40 ஜூல். இறக்கிய பிறகும் மின்தேக்கியில் தானாகவே கொஞ்சம் மின்னழுத்தம் திரும்ப ஏறும். அதன் இரு முனைகளையும் இணைக்கும் குறுக்குக் கம்பியைக் கழற்றாமல் மாட்டியே வையுங்கள்.