புது பேக்லிங்க்குக்கு முன், கைவிட்டுப்போனதை மீட்பது

பேக்லிங்க் என்பது வேறொரு தளம் உங்கள் தளத்துக்குத் தரும் லிங்க். வெளியாரிடம் லிங்க் கேட்கும் முன், ஏற்கெனவே வந்து வீணாகிக் கிடப்பதை எடுங்கள். கூகுள் சர்ச் கன்சோலின் பக்க இண்டெக்ஸ் அறிக்கையில் 404 (பக்கம் இல்லை) பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு முகவரியையும் யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷனில் போட்டுப் பாருங்கள். எந்தத் தளத்திலிருந்து லிங்க் வருகிறது என்று சில சமயம் அங்கேயே தெரியும். அப்படிப்பட்ட பழைய முகவரியை, அதே விஷயத்தைப் பேசும் பக்கத்துக்கு 301 ரீடைரக்ட் (நிரந்தரமாகத் திருப்பிவிடுதல்) செய்யுங்கள். அந்த ரீடைரக்டைக் குறைந்தது ஓராண்டுக்கு எடுக்காதீர்கள்.

பலர் சறுக்குவது இங்கேதான்: எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்கே திருப்பிவிடுவார்கள். கூகுள் அதைப் பெரும்பாலும் ‘சாஃப்ட் 404’, அதாவது இல்லாத பக்கம், என்றே எடுத்துக்கொள்ளும். செய்த வேலை வீண்.

அடுத்து, உங்கள் துறைக்குப் பயனுள்ள லிங்க்குகளைத் தொகுத்துத் தரும் பிறரது வளப் பக்கங்களில் செத்துப்போன லிங்க்குகள். செக் மை லிங்க்ஸ் போன்ற குரோம் எக்ஸ்டென்ஷன் அவற்றைச் சிவப்பில் காட்டும். நான்கு வரி மெயில் போதும்:

“உங்கள் ‘மாடித்தோட்டம்’ பக்கத்தில், மண்கலவை பத்தியின் இரண்டாவது லிங்க் திறக்கவில்லை. அதே அளவுகளுடன் எங்களிடம் ஒரு பக்கம் உண்டு. முகவரி கீழே.”

இந்த வார்த்தையில்தான் லிங்க் தர வேண்டும் என்று கேட்காதீர்கள். ஒரே ஆங்கர் டெக்ஸ்ட் (லிங்க் ஆக அழுத்தும் வார்த்தைகள்) திரும்பத் திரும்ப வந்தால் செயற்கை அப்பட்டமாகத் தெரியும். 2012இல் வந்த கூகுளின் பெங்குயின் அப்டேட் குறிவைத்ததே இந்த மாதிரி லிங்க்குகளைத்தான். காசு கொடுத்து வாங்கினால் லிங்க்கின் கோடில் ‘ஸ்பான்சர்ட்’ அல்லது ‘நோஃபாலோ’ குறி கட்டாயம்.