தரையைக் கிளறும் மீன்களுக்கு ஏற்ற செடிகள்: புதியவர்களுக்கான செய்முறை

கோரிடோராஸ், லோச், பிளெக்கோ மாதிரி தொட்டியின் அடியிலேயே திரியும் மீன்களை வளர்ப்பவர்கள் ஒரே புலம்பலைத்தான் சொல்வார்கள்: "ராத்திரி நட்ட செடி காலையில் மேலே மிதக்குது." மீன் செடியைத் தின்பதாக உடனே பழி போட்டுவிடுவோம். பெரும்பாலும் அது தின்பதில்லை. இரை தேடித் தரையைக் கிளறும்போது வேர் பிடிக்காத செடி பெயர்ந்து வந்துவிடுகிறது, அவ்வளவுதான். அதனால் செடியின் அழகைப் பார்க்கும் முன் மீனின் பழக்கத்தைப் பாருங்கள்.

படி 1: உங்கள் மீன் தரையில் என்ன செய்கிறது?

கோரிடோராஸுக்கு வாய் கீழ்நோக்கி இருக்கும், இரண்டு பக்கமும் மீசை. மணலை வாயில் அள்ளி, இரையை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் செவுள் வழியாக வெளியே விடும். சின்ன மீன், செடியிடம் விரோதம் கிடையாது. புதிதாக நட்டதை மட்டும் சாய்த்துவிடும்.

கூலி லோச், அயிரைக்கு உறவான மீன். பாம்புபோல மெலிந்த உடம்பு. பகலில் ஒளிந்துகொள்ளும், மணலுக்குள்ளும் புதையும். அடர்த்தியான செடியும் வேர்ப்பின்னலும் இருந்தால்தான் தைரியமாக வெளியே வரும்.

பிரிஸில்நோஸ் பிளெக்கோவுக்கு உறிஞ்சும் வாய். பாசியைச் சுரண்டித் தின்னும் மீன் இது. அகலமான, மென்மையான இலையில் ஒட்டிக்கொண்டால் பாசியோடு இலைத்தோலும் போய்விடும்; நரம்பு மட்டும் சல்லடையாக நிற்கும். ஓட்டோசிங்க்ளஸும் பாசிதான் தின்னும், ஆனால் விரல் நீளம்கூட இல்லாத மீன், இலைக்குச் சேதம் செய்யாது.

கிளவுன் லோச்சும் சாதாரண பிளெக்கோவும் வேறு கதை. இரண்டுமே 30 செ.மீ. அளவுக்கு வளரக்கூடியவை. முன்னது இலையில் ஓட்டை போடும். பின்னது வாலை ஒருமுறை வீசினாலே ஒரு வரிசைச் செடி சரியும். சின்னத் தொட்டியில் செடி வளர்க்க ஆசைப்படுபவர் இவற்றை வாங்காமல் இருப்பதே நல்லது.

படி 2: தரையை முடிவு செய்யுங்கள்

கூர்முனைக் கற்கள் வேண்டாம். மீசை தேய்ந்து புண்ணாகும். நைசான, உருண்டையான மணலை 5 முதல் 7 செ.மீ. வரை பரப்புங்கள். மணலில் சத்து இருக்காது, ஆகவே வேர்வழி உணவு எடுக்கும் செடிகளுக்கு உர மாத்திரை வைக்க வேண்டும். அதை மேலோட்டமாகப் புதைத்தால் மீன் தோண்டி எடுத்துவிடும். அடிக்கண்ணாடி வரை அழுத்துங்கள்.

படி 3: தரையே தேவைப்படாத செடிகளிலிருந்து தொடங்குங்கள்

என் கணக்கில், புதியவர் வாங்கும் செடிகளில் பாதிக்கு மேல் இந்த வகையாக இருக்க வேண்டும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், போல்பிடிஸ் மூன்றுக்கும் படுத்த நிலையில் ஒரு தடித்த தண்டு உண்டு, ரைசோம் என்பார்கள். இலை அதிலிருந்து மேலே போகும், வேர் கீழே இறங்கும். ரைசோமை மணலில் புதைத்தால் அழுகும். கட்டையிலோ கல்லிலோ கட்டித்தான் வளர்க்க வேண்டும். மீன் தரையை எவ்வளவு கிளறினாலும் இவற்றுக்குக் கவலையில்லை.

கட்டுவது சுலபம். பருத்தி நூலால் ரைசோமைக் கட்டையோடு இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். நூல் மெல்ல மக்கிப் போவதற்குள் வேர் கட்டையைப் பிடித்துக்கொள்ளும். ஜெல் வடிவ சூப்பர் குளூவும் உதவும்; வேர் இருக்கும் பக்கத்தில் ஒரு சொட்டு வைத்துச் சில நொடி அழுத்தினால் போதும். கல் சிறியதாக இருந்தால் லோச் அதைப் புரட்டிவிடும், கனமானதாகப் பாருங்கள்.

அனுபியாஸின் இலை தோல்போலத் தடிப்பு. பிரிஸில்நோஸ் உட்கார்ந்து சுரண்டினாலும் தாங்கும். மெதுவாக வளர்வதால் அதன்மேல் பாசி படிவது வழக்கம்; அதைச் சுத்தம் செய்யும் வேலையை மீனே எடுத்துக்கொள்ளும். இதைவிடப் பொருத்தமான ஜோடி எனக்குத் தெரியவில்லை. ஜாவா ஃபெர்ன் இலையின் அடியில் பழுப்புப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் நோய் என்று கிள்ளி எறியாதீர்கள், அவை வித்துப்பைகள். இலையிலேயே குட்டிச் செடிகளும் முளைக்கும். வேர் விட்டதும் பிரித்து இன்னொரு கல்லில் கட்டலாம்.

கூலி லோச் இருந்தால் ஜாவா மாஸ் என்ற, கட்டையில் படரும் மெல்லிய செடியையும் சேருங்கள். கட்டையின் அடிப்பக்கத்தில் அடர்த்தியாகக் கட்டினால் பகலில் அதற்குள்தான் குடியிருக்கும்.

படி 4: தரையில் நடுபவை

கிரிப்டோகோரைன் முதல் தேர்வு. குறைந்த வெளிச்சம் போதும், வேர் ஆழமாகப் பிடிக்கும். ஆனால் இடம் மாறினால் இலைகள் கரைந்து விழும். செத்துவிட்டது என்று பிடுங்காதீர்கள். வேர் உயிரோடு இருந்தால் சில வாரங்களில் புது இலை வரும். பின்பக்கத்துக்கு வாலிஸ்நேரியா. ஓடுதண்டு விட்டுப் பரவுவதால் ஒன்றிரண்டு பெயர்ந்தாலும் நஷ்டமில்லை. நடும்போது குருத்து மணலுக்கு மேலே தெரிய வேண்டும்.

அமேசான் ஸ்வார்டை கோரிடோராஸ் தொட்டியில் தாராளமாக வைக்கலாம், அகன்ற இலைமேல் அவை படுத்து ஓய்வெடுக்கும். பிளெக்கோ உள்ள தொட்டியில் மட்டும் யோசியுங்கள்.

எந்தச் செடியை நட்டாலும் முதல் சில வாரங்கள் அடியைச் சுற்றி உருண்டைக் கூழாங்கற்களை அடுக்கி வையுங்கள். மீனை இன்னும் வாங்கவில்லையென்றால் இன்னும் நல்லது. செடிக்கு ஒரு மாதம் முந்திக் கொடுத்தால் வேர் ஊன்றிவிடும்.

தரைவிரிப்பாகப் பரவும் குட்டிச் செடிகளை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். வேர் மேலோட்டம், வெளிச்சமும் கரியமில வாயுவும் நிறைய கேட்கும். கோரிடோராஸ் கூட்டம் ஒரே நாளில் உரித்துவிடும். அது கிளறுவதற்கென்று முன்பக்கத்தில் வெறும் மணலாக ஓர் இடத்தை விட்டுவைப்பதும் அவசியம்.

படி 5: மேலே கொஞ்சம் நிழல்

அடிமட்ட மீன்கள் பல மங்கலான வெளிச்சத்தை விரும்புபவை. சால்வீனியா, ஆகாயத்தாமரை போன்ற மிதக்கும் செடிகள் நிழல் தரும். ஆனால் நீர்ப்பரப்பை முழுக்க மூடவிடக் கூடாது. கோரிடோராஸ் அவ்வப்போது மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றை விழுங்கிக் குடல் வழியாக ஆக்சிஜன் எடுக்கும் மீன். அதற்கு வழி வேண்டும். பாதிக்கு மேல் பரவினால் அள்ளி வெளியே போடுங்கள்.

படி 6: தொட்டியில் விடும் முன்

சட்டியில் வரும் செடியின் வேரைச் சுற்றியுள்ள பஞ்சு போன்ற நாரை முழுவதும் எடுத்துவிடுங்கள். கிளறும் மீன் அதை வாயில் போட்டுக்கொள்ளும். ஈயத்துண்டு சுற்றியிருந்தால் அதையும் கழற்றுங்கள். அழுகிய இலையை நறுக்கி, இலையடியில் நத்தை முட்டைகள் வழுவழுப்பான திட்டாக ஒட்டியிருந்தால் வழித்துவிடுங்கள். நத்தைக்குப் பயந்து தாமிரம் கலந்த மருந்தைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம், லோச் வகைகளுக்கு அது ஆகாது.

விளக்கு நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும். பிளெக்கோ புது இலைகளையும் சுரண்டத் தொடங்கினால் அதற்குத் தொட்டியில் பாசி போதவில்லை என்று பொருள். விளக்கை அணைத்த பிறகு ஒரு துண்டு வெள்ளரிக்காயைக் கனம் கட்டி அடியில் போடுங்கள், மறுநாள் காலை மிச்சத்தை எடுத்துவிடுங்கள்.