புளியங்கொட்டை தீர்த்த கணக்கு

என் மகளுக்கு ஐந்து வயது. கடையில் எதைக் கேட்டாலும் "ஃபோனைக் காட்டுப்பா, குடுத்துடுவாங்க" என்பாள். சரி, வீட்டிலேயே கடை போடுவோம் என்று பாயை விரித்தேன். கத்தரிக்காய், பிஸ்கட், பழைய பேனா எல்லாம் சரக்கு. காசு மட்டும் நிஜம்.

முதல் நாளே சிக்கல். 10 ரூபாய் நாணயம் ஒன்றைக் கொடுத்துவிட்டு மூன்று 1 ரூபாயை வாங்கிக்கொண்டு, "எனக்குத்தான் நிறைய" என்று குதித்தாள். எத்தனை சொல்லியும் மண்டையில் ஏறவில்லை. அப்புறம் புளியங்கொட்டைதான் கைகொடுத்தது. ஒவ்வொரு நாணயத்துக்குப் பக்கத்திலும் அது எத்தனை ரூபாயோ அத்தனை கொட்டையை வரிசையாக வைக்கச் சொன்னேன். பன்னிரண்டு பக்கம் உள்ள அந்த 20 ரூபாய்க்கு வரிசை பாயைத் தாண்டித் தரைக்கே போய்விட்டது. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

இன்னொன்று, ஒரு நாளைக்கு 30 ரூபாய்தான். தீர்ந்தால் கடை மூடல். இரண்டு நாள் அழுகை. (பாட்டி ரகசியமாக 5 ரூபாய் கொடுத்ததும் நடந்தது.)

மூன்றாம் வாரம் பெட்டிக்கடையில் மிட்டாய் வாங்கினாள். மீதி 2 ரூபாயை எண்ணி வாங்கி, என்னிடம் தராமல் கவுன் பையில் போட்டுக்கொண்டாள்.