ஜூம்ல வீணை கத்துக்கணுமா, முதல்ல ரூமை மாத்துங்க

காரைக்குடின்னாலே வீணை வாசிக்கிறவங்களுக்கு சுப்பராமய்யர், சாம்பசிவய்யர் அண்ணன் தம்பிதான் ஞாபகம் வரும், அதுல அண்ணன் வீணையை படுக்க வைக்காம நிமித்திப் பிடிச்சே வாசிப்பாராம், அப்பேர்ப்பட்ட ஊர்ல உக்காந்துக்கிட்டு நான் மெட்ராஸ் டீச்சர்கிட்ட ஜூம்ல கத்துக்கிறேன், என்னத்த சொல்ல. ரெண்டு வருஷமா பட்ட பாட்டை வச்சு சொல்றேன்.

வளவுல, அதான் வீட்டு நடு முற்றத்தைச் சுத்தி இருக்குற எடத்துல, தாராளமா இடம் இருக்கேன்னு ஜமக்காளத்தை விரிச்சு உக்காந்தேன். தரையெல்லாம் ஆத்தங்குடி கல்லு, வழவழன்னு சுண்ணாம்புச் சுவரு, ஒரு தந்தியை மீட்டுனா வீடே முழங்குது, நமக்கு சொகமாத்தான் இருக்கு ஆனா டீச்சர் "என்னம்மா, கிணத்துக்குள்ளயா உக்காந்திருக்க"ன்னாங்க. மெத்தை, தலகாணி, துணி மூட்டை அடுக்கியிருக்குற சின்ன ரூமுக்கு மாறுனேன், முக்காவாசி சரியாச்சு. எங்க ஆயாவுக்குத்தான், பாட்டிக்குத்தான் கோவம், "சரஸ்வதியக் கொண்டுபோயி மெத்தை ரூம்ல வைக்கிறியே ஆத்தா"ன்னு.

அடுத்து செட்டிங்ஸ், இதை யாரும் சொல்லித் தராம நான் ஒரு மாசம் தொலைச்சேன். நீளமா ஒரு சுரத்தை நிறுத்தி வாசிச்சா "ஏன் பாதியில விட்டுர்ற"ன்னு திட்டு விழும். நான் விடலைங்க, ஜூம்தான் வெட்டுது! அது பேச்சுக்குன்னு செஞ்சது, ஒரே மாதிரி இழுத்துக் கேக்குற சத்தத்தை ஃபேன் சத்தம்னு நெனச்சு அமுக்கிரும், சுருதிக்காகப் பின்னாடி ஓடுற தம்புராவும் அப்படித்தான் காணாமப் போகும். ஆடியோ செட்டிங்ஸ்ல 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்'னு இருக்கும், அதை ஆன் பண்ணுங்க, கிளாஸ் ஆரம்பிச்சதும் ஆன்லதான் இருக்கான்னு ஒருதரம் பாத்துக்குங்க. வயர் வச்ச இயர்போனே போதும், ப்ளூடூத் வேணாம், சத்தம் இன்னும் லேட்டாகும்.

சேந்து வாசிக்க மட்டும் ஆசைப்படாதீங்க. அவங்க வாசிக்கிறது நமக்கு வர கொஞ்சம் நேரம், நம்மளது அங்க போக கொஞ்சம் நேரம், முதல் காலத்துல, அதான் மெதுவா வாசிக்கிறப்ப சமாளிக்கலாம், வேகமான மூணாங்காலத்துல அதோகதி. அவங்க ஒரு வரி வாசிக்கட்டும், நீங்க மியூட்ல கேட்டுட்டு அப்புறம் வாசிங்க, தாளம் நீங்களே பாத்துக்கணும். தம்புரா ஆப் அவங்கவங்க பக்கம் ஒரே கட்டையில, அதான் ஒரே சுருதி அளவுல ஓடட்டும்.

கேமராவை இடது பக்கமா, மெட்டு மேல (தந்திக்கு அடியில குறுக்கே வரிசையா இருக்குற உலோகக் கட்டைங்க) விரல் தெரியிற மாதிரி வைங்க. முகம் தெரியலைன்னா பரவாயில்ல.

சுருதி சேக்குறதை முதல் வாரமே கத்துக்கிட்டே ஆகணும். நேர்ல போனா டீச்சரே பிரடையை, அதான் தந்தியை முறுக்குற ஆணியைத் திருகி விட்டுருவாங்க, இங்க ஏழு தந்தியும் நம்ம பொறுப்பு, சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம், அப்புறம் தாளத் தந்தி மூணு. டியூனர் ஆப் உதவும், ஆனா காதையும் பழக்குங்க. இன்னொன்னு, 24 மெட்டும் மெழுகுலதான் நிக்குது, நம்ம ஊரு சித்திரை வெயிலுக்கு மெழுகு இளகி மெட்டு நகந்துரும், அப்ப எவ்வளவு சுருதி சேத்தாலும் ஒத்தே வராது. ஜன்னலோரம் வைக்காதீங்க. நகந்துட்டா எந்த ஆப்பும் காப்பாத்தாது, மேளம் கட்ட, அதான் மெழுகு வச்சு மெட்டைச் சரியான இடத்துல பதிக்கத் தெரிஞ்சவர்கிட்ட கொண்டுபோகணும்.

கமகம் இருக்கே, அதான் சுரத்தை அசைச்சு வளைச்சு வாசிக்கிறது, தந்தியை எவ்வளவு இழுக்கணும்ங்குறது வீடியோவுல பிடிபடவே மாட்டேங்குது. நான் மூணு மாசத்துக்கு ஒருதரம் ராத்திரி ரயிலேறி டீச்சர் வீட்டுக்கே போயிருவேன், வீணையைத் தூக்கிட்டுப் போறதில்ல, அவங்க வீணையிலயே உக்காரவச்சு என் விரல் மேல அவங்க விரலை வச்சு இழுத்துக் காட்டுவாங்க.