பார்க்கின்சன் நோயாளியின் வாழ்க்கைத் தரத்தைக் கேட்டறியும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பார்க்கின்சன் என்றதும் எல்லாருடைய கண்ணும் நடுங்கும் கையில்தான் போய் நிற்கிறது. கை அதிகம் நடுங்காத ஒருவர் மலச்சிக்கலாலும் நித்திரைக் குறைவாலும் மனச்சோர்வாலும் நொந்துபோயிருக்கலாம். அதை அவர் வாயால் சொல்லித்தான் அறிய முடியும்.

அதற்கென்றே 1990களில் ஒக்ஸ்போர்ட்டில் உருவான வினாக்கொத்து பிடிகியூ-39. நடமாட்டம், மனநிலை, பேச்சு என 8 பிரிவுகளில் 39 கேள்விகள், எல்லாம் கடந்த ஒரு மாதத்தைப் பற்றியவை. புள்ளி 0 முதல் 100 வரை. பரீட்சைப் புள்ளி போல இதைப் படிக்கக்கூடாது: கூடக் கூட நிலைமை மோசம்.

மிகப் பெரிய தவறு, "கஷ்டமில்லை" என்பதை அப்படியே குறித்துக்கொள்வது. கிளிநொச்சிப் பக்கம் ஒரு வயல்கார ஐயாவிடம் வெளியில் போய்வரக் கஷ்டமா என்று கேளுங்கள். "இல்லைப் பிள்ளை, அப்பிடி ஒண்டும் இல்லை" என்பார். சந்தைக்குக் கடைசியாக எப்போது போனீர்கள் என்று கேட்டால், "அதுக்கு இப்ப மகன்தான் போறவன்" என்று பதில் வரும். போவதையே விட்டவருக்குக் கஷ்டம் எங்கே தெரியும்? இப்படியான கேள்விகளில் "எப்போதும், அல்லது செய்யவே முடியாது" என்ற தெரிவு இவருக்காகத்தான் இருக்கிறது. அவசரப்பட்டு "ஒருபோதும் இல்லை" என்று போட்டால் அவருடைய இழப்பு தாளில் காணாமல் போய்விடும்.

உணவை வெட்டக் கஷ்டமா என்றும் ஒரு கேள்வி உண்டு. சோற்றைக் கையால் குழைத்துச் சாப்பிடுகிறவர் இல்லை என்றுதான் சொல்வார். அதற்காகக் கேள்வியை நீங்களே மாற்றிவிடாதீர்கள். பிறகு புள்ளிகளை ஒப்பிட முடியாது. உள்ளபடி கேட்டுவிட்டு, சோறு குழைப்பது, சாரம் உடுப்பது எப்படி என்று விசாரித்துத் தனியாக எழுதிவையுங்கள்.

அப்புறம், பிள்ளைகள் முந்திக்கொண்டு பதில் சொல்ல விடாதீர்கள். இந்த நோயில் குரல் தாழும், பதில் மெல்ல வரும், காத்திருங்கள். முகத்தசை இறுகுவதால் முகத்தைப் பார்த்து மனநிலையைக் கணிப்பதும் பிழை.

கணவன் அல்லது மனைவியின் ஆதரவு பற்றிய கேள்வியில் கூடுதல் கவனம் தேவை. யுத்தத்தில் துணையை இழந்தவர்களும், காணாமல் ஆக்கப்பட்டவருக்காக இன்னும் காத்திருப்பவர்களும் வன்னியில் நிறையப் பேர். அவர்களை அந்தக் கேள்விக்குள் இழுக்கத் தேவையில்லை. துணை இல்லாதவருக்கு அந்தக் கேள்வி வரும் பிரிவின் மற்ற 2 கேள்விகளை வைத்தே புள்ளி கணக்கிடலாம்.

நேரமும் முக்கியம். இந்த நோய்க்குக் கொடுக்கும் லெவோடோபா குளிசையின் வேகம் இறங்கிய நேரத்தில் கேட்டால் முழு மாதமும் இருட்டாகத் தெரியும். வவுனியா கிளினிக்குக்குப் பஸ்ஸில் வந்து களைத்திருப்பவரைச் சற்று ஆறவிட்டு, கடைசிக் குளிசை எத்தனை மணிக்கு என்று தாளில் குறித்த பிறகு கேளுங்கள். அடுத்த முறையும் குளிசை போட்டு அதே அளவு நேரம் கழித்துக் கேட்பது நல்லது.